சந்தனப் பொட்டு வைக்காத துளை

கோடு போட்ட தாளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. கல்லூரியில் கணிதம் படித்தபோதே விடுதிச் சமையலறைச் சாமான்களுக்கு யாரும் கேட்காமல் ஒரு பட்டியல் போட்டு, சமையல்காரரிடம் திட்டு வாங்கியவள் நான். எந்தக் குழப்பத்தையும் சரியான கட்டங்களுக்குள் அடைத்துவிட்டால் அது தீர்ந்துவிடும் என்று அப்போது மனப்பூர்வமாக நம்பினேன். இருபத்திரண்டு வயதில் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. கூடவே அந்த நம்பிக்கையை நிரூபிக்க ஒரு வாய்ப்பும் கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருந்தால் பலருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் வீடு பொம்மிடியில். காலையில் ரயில் ஏறி மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு சின்ன ஊரில் எக்ஸ்சேஞ்ச். எக்ஸ்சேஞ்ச் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓட்டு வீட்டில் ஒரு அறை, அதில் மரத்தாலான ஒரு போர்டு, போர்டில் ஐம்பது துளைகள். ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு குட்டிப் பித்தளைத் தகடு. ஊருக்குள் யாராவது தன் போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர் துளையின் தகடு டக்கென்று விழும். நாங்கள் அதில் பிளக்கைச் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, அந்தத் துளையில் இன்னொரு பிளக்கைச் செருகி மணியடிப்போம். துளைகளுக்கு எண் இருந்தது. ஆனால் ஊரில் ஒருவரும் எண் சொல்லிப் பேச மாட்டார்கள். "மெடிக்கல் ஷாப்புக்குப் போடு தாயி", "நம்ம மச்சான் வூட்டுக்குப் போடுங்க" என்பார்கள். யாருடைய மச்சான் என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னோடு இருந்த மூத்த ஆபரேட்டருக்கு அதெல்லாம் தெரியும். அவரை நான் அக்கா என்பேன். பதினைந்து வருஷமாக அதே நாற்காலி. போர்டின் மரச்சட்டத்தில், துளைகளுக்குப் பக்கத்தில், சாக்பீஸால் சின்னச் சின்னக் குறிகள் போட்டு வைத்திருப்பார். நேர்க்கோடு, சாய்கோடு, வட்டம். நான் சேர்ந்த முதல் வாரம் கேட்டேன்.

"இது என்னங்கக்கா, சாஞ்ச கோடு?"

"லைன் படுத்திருக்குன்னு அர்த்தம் புள்ள."

"படுத்திருக்குன்னா?"

"இப்ப நீ மத்தியானம் டிபன் பாக்ஸைத் தொறந்ததும் கண்ணு சொக்கி ஒக்காந்திருப்பியே, அது மாதிரி. எழுந்திரிச்சிரும்."

அறிவியல் முறைப்படி இல்லாத இந்த விளக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. போர்டு பார்க்க அழுக்காகவும் இருந்தது. அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எக்ஸ்சேஞ்சைச் சுத்தம் செய்தபோது, யாரும் சொல்லாமலேயே ஈரத் துணியால் போர்டைப் பளபளவென்று துடைத்து வைத்தேன். பதினைந்து வருஷத்துச் சாக்பீஸ் ஒரு வாளித் தண்ணீரில் கரைந்தது. அக்கா வந்து பார்த்தார்.

"நல்லா வெளக்கியிருக்கற புள்ள," என்றார். "உங்க ஆத்தாகிட்டச் சொல்லி இன்னிக்குச் சுத்திப் போடச் சொல்லு."

அக்கா கழுத்தில் சிலுவை தொங்கும். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவார். ஆனாலும் ஆயுத பூஜையில் போர்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவர் வேலைதான். வேறு யாரையும் தொட விடமாட்டார். "போர்டு எந்த மதம்னு யாராச்சும் கேட்டாங்களா?" என்பார். சுண்டுவிரலால் ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு பொட்டு. நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இருபத்திரண்டுக்கு வைத்தார், அடுத்ததை விட்டுவிட்டு இருபத்து நான்குக்குப் போனார்.

"அக்கா, ஒன்னை விட்டுட்டீங்க."

பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மெடிக்கல் ஷாப் தகடு விழுந்தது. அதோடு அது மறந்துபோயிற்று. கண் தப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து மேலாபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எக்ஸ்சேஞ்சில் உள்ள எல்லா இணைப்புகளுக்கும் முழு விவரப் பட்டியல் வேண்டும். பழைய ரிஜிஸ்டர் பாதிக்கு மேல் செல்லரித்துக் கிடந்தது. எந்த மாதிரிப் பட்டியல் என்று கடிதத்தில் சொல்லவில்லை. அதாவது, நானே வடிவமைக்கலாம். அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அக்கா அந்த வாரம்தான் நிலக்கடலை பிடுங்க லீவு போட்டார். அவர் வீட்டுக்கு மூன்று ஏக்கர் உண்டு. கடலைக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் போட்டி வந்தால் கடலைதான் ஜெயிக்கும். அவருக்குப் பதிலாகப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். போகும் முன் என் தாளை எட்டிப் பார்த்தார் அக்கா. வரிசை எண், பெயர், இடம், கருவி, வேலை செய்கிறதா: ஆம் அல்லது இல்லை. ஐந்து கட்டங்கள், அடிக்கோல் வைத்துப் போட்ட கோடு.

"ஓட்டை நம்பர் எங்க?"

"அதுதான் போர்டுலயே இருக்குதுங்களே அக்கா. நான் பேரை அகர வரிசையில போடறேன்."

"சரி. கட்டம் நல்லாத்தான் இருக்குது. கல்யாணப் பத்திரிகை மாதிரி," என்று சொல்லிவிட்டுக் கடலைக்குப் போய்விட்டார்.

லைன்மேன் அண்ணனின் சைக்கிள் பின்னால் என் வாடகைச் சைக்கிளில் வீடு வீடாகப் போனேன். அவர் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். மரியாதைக்கு இல்லை என்பது இரண்டாம் நாளே புரிந்துவிட்டது. எல்லா இடத்திலும் மோர் கொடுத்தார்கள், மாங்காய் ஊறுகாய் கொடுத்தார்கள், போனைக் காட்டினார்கள். சிக்கல் வந்தது அண்ணன் தம்பி வீட்டில்தான்.

ஒரே வீடு, நடுவில் சுவர். பாகப்பிரிவினையில் எல்லாம் பிரிந்தது, போன் கம்பி மட்டும் பிரியவில்லை. ஒரே லைனில் இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன். மூத்தவருக்கு நீளமாக ஒரு மணி, இளையவருக்குக் குட்டையாக இரண்டு மணி என்று அக்கா ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இரண்டு வருஷமாக அவர்கள் பேசிக்கொள்வதில்லை என்பதால், மற்றவர் மணிக்குப் போனைத் தொடுவதும் இல்லை.

"எம்பேரைத் தனியா எழுதுங்க," என்றார் மூத்தவர். "அவன் பேரை எம்பேருக்குக் கீழ போட்டீங்கன்னா, நான் அந்தப் போனைக் கெணத்துல போட்டுருவேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் போனோம். இளையவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "அங்க என்னா சொன்னாங்க?" என்றார். "தனின்னு சொன்னாங்களா? அப்ப எனக்கும் தனி. எனக்குத்தானே ரெண்டு மணி? அவிங்களுக்கு ஒன்னுதான்!"

லைன்மேன் அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். நான் யோசித்தேன். இரண்டு பேர், இரண்டு கருவி, இரண்டு விதமான மணி. இரண்டு வரியாக எழுதுவதுதானே தர்க்கம்? எழுதினேன். இரண்டு பக்கமும் மோர் குடித்தேன்.

கடைசியாக மிஞ்சியது சித்தேரி மலை. மலைமேல் இருந்தது ஒரே ஒரு போன், துணை சுகாதார நிலையத்தில். காட்டுக்குள் மரத்துக்கு மரம் உரசிக்கொண்டு வரும் கம்பி. மழை தூறினால் போதும், லைன் படுத்துவிடும். அந்தப் போனில் பேசுகிற நர்சம்மாவை நான் பார்த்ததே இல்லை, ஆனால் தினமும் பேசுவோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு லைனைச் சோதிக்க அவர் மணியடிப்பார். "ஏ போன் பொண்ணு, உசுரோட இருக்கியா?" என்பார். "இருக்கேன், நீங்க?" என்பேன். அவ்வளவுதான் சோதனை. ஐப்பசி மழை தொடங்கிய நாளில் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்.

"இங்க ஒரு புள்ளத்தாச்சி இருக்கா. மொதப் பிரசவம். வயிறு இருக்கிற இருப்புல ரெட்டையோன்னு எனக்குச் சந்தேகம். மாசக் கடைசியில வலி வரும். இங்க வெச்சுப் பாக்க முடியாது, ஜீப்பு வந்தாகணும். லைனை மட்டும் பாத்துக்க."

"பாத்துக்கறேங்க," என்றேன்.

மறுநாள் மலையில் பெருமழை. ஐந்து மணி ஆயிற்று, தகடு விழவில்லை. நானே பிளக்கைச் செருகிக் கைப்பிடியைச் சுற்றினேன். காற்று மாதிரி ஒரு இரைச்சல். பட்டியலை அன்றே அனுப்ப வேண்டும். வேலை செய்கிறதா? என் கட்டத்தில் இரண்டே பதில்கள்தான் உண்டு. நான் உண்மையைத்தான் எழுதினேன்: இல்லை.

கூட்டிப் பார்த்தேன். ஐம்பது வரி. போர்டில் ஐம்பது துளை. ஒன்றுகூடக் குறையவில்லை, ஒன்றுகூட மிஞ்சவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுநாள்வரை போட்ட எந்தப் பட்டியலும் இப்படி முதல் தடவையிலேயே கச்சிதமாக முடிந்ததில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மேலாபீஸிலிருந்து எட்டாம் நாள் பதில் வந்தது. முதல் வரியில் பாராட்டு: 'பட்டியல் தெளிவாக உள்ளது.' அதை இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் வரியை ஒரு தடவை படித்ததே போதுமானதாக இருந்தது. ஐம்பதில் நாற்பத்தொன்பது இயங்குவதாகவும் ஒன்று இயங்காததாகவும் பட்டியல் காட்டுவதால், இயங்காத அந்த மலை இணைப்பை ரத்து செய்து, காத்திருப்போர் வரிசையில் முதலில் உள்ளவருக்கு அந்த இடத்தைக் கொடுக்க வேண்டும். மலைக் கம்பியை இறக்கி ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும். ஒரு வாரத்துக்குள்.

லைன்மேன் அண்ணன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். சட்டையெல்லாம் பாசி. அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"மேடம், ரெண்டு நாளா அட்டைக்கடி வாங்கிட்டு, இப்பத்தான் அந்தக் கம்பியைக் கட்டிட்டு வரேன். இப்ப அவுக்கணுமா?"

அவர் சொல்லி முடிக்கவில்லை, தகடு விழுந்தது. என் பட்டியல்படி ஒன்றுக்கும் உதவாத லைன்.

"ஏ போன் பொண்ணு, உசுரோட இருக்கியா?"

"அந்தப் புள்ளத்தாச்சி எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நடக்கறதே தேர் அசையற மாதிரி இருக்குது. இன்னும் அஞ்சாறு நாள்தான். ஏன், கொரலு ஒரு மாதிரி இருக்குது? சாப்புட்டியா?"

மேலாபீஸ் இன்ஜினியருக்கு டிரங்க் கால் போட்டேன். லைன் எழுந்துவிட்டது சார், மழையில் அறுந்த கம்பியைக் கட்டிவிட்டோம் என்றேன்.

"இல்லைன்னு எழுதினது யாரும்மா?"

"நான்தாங்க சார்."

"மழை வந்தா திரும்ப இல்லையாத்தானே போகும்? சரி, அதை விடு. ஓட்டை மொத்தம் ஐம்பது, கனெக்‌ஷன் ஐம்பதுன்னு நீயே எழுதியிருக்கே. ஒருத்தருக்குக் குடுக்கணும்னா இன்னொருத்தர்கிட்ட எடுத்துத்தானே ஆகணும்? வெள்ளிக்கிழமை நானே வரேன்."

என் கட்டங்களை எனக்கே எதிராக இவ்வளவு அழகாக யாரும் பயன்படுத்தியதில்லை.

காத்திருப்போர் வரிசையில் முதலில் இருந்தவர் எதிர்த் தெருப் புளிமண்டிக்காரர். நாலு வருஷமாகத் தினமும் வந்து, "நம்ம போனு எப்பங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார். வெறுங்கையோடு வரக் கூடாதென்று ஒரு பொட்டலம் புளி கொண்டுவருவார். எங்கள் வீட்டில் ரசத்துக்குப் புளி வாங்கிய நாளே இல்லை. அவர்மேல் கோபப்படவும் வழியில்லை. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நல்ல நேரம், ராகு காலத்துக்கு முன்னால் முதல் பேச்சுப் பேசிவிட வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார். மண்டியிலிருந்து எக்ஸ்சேஞ்ச் சுவர்வரை கம்பியும் வந்துவிட்டது. துளைதான் பாக்கி.

வியாழக்கிழமை அக்கா லீவு முடிந்து வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை வறுத்த கடலை. நான் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடலையை உடைத்துத் தின்றுகொண்டே கேட்டார்.

"நான் ஒன்னு கேக்கறேன். நீ தூங்கும்போது ஒருத்தர் வந்து பாத்துட்டு, இவ இல்லைன்னு எழுதிட்டுப் போனா ஒத்துக்குவியா?"

"அக்கா, வெளையாடாதீங்க. எடம் இல்லைங்கறாங்க. ஐம்பதும் ரொம்பியிருக்கு."

"யாரு சொன்னா?"

"பட்டியல்."

அக்கா கடலைத்தொலியை ஊதித் தள்ளிவிட்டுப் போர்டைக் காட்டினார். "பொட்டை எண்ணு."

ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து வெளிறி, அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணினேன். நாற்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். மலை லைனுக்குப் பொட்டு இருந்தது. இருபத்து மூன்றுக்கு இல்லை.

"அது ஒரு கண்டிராக்டரோடது. பெங்களூருக்குப் போயி ஆறு வருஷமாச்சு, எழுதிக் குடுத்துட்டே போயிட்டாரு. ஆளில்லாத ஓட்டைக்கு எதுக்குப் பொட்டு? அதுக்குன்னு ஒரு வட்டம் போட்டு வெச்சிருந்தேன். ஒரு மகராசி வெளக்கிட்டா."

"அப்ப என் ஐம்பதாவது வரி யாரு?"

கேட்கும்போதே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது: ஒரே துளைக்கு நான் இரண்டு வரி எழுதியிருந்தேன். அக்கா ஏற்கெனவே அண்ணன் தம்பி துளையில் பிளக்கைச் செருகிவிட்டார். எந்த முறையும் இல்லாமல் நீளமும் குட்டையுமாக மணியைக் குழப்பி அடித்தார். இரண்டு பக்கமும் போனை எடுத்தார்கள்.

"யாரு?" என்றது ஒரு குரல்.

"நீ யாரு?" என்றது இன்னொன்று.

"என் போன்ல ஒனக்கு என்னாடா வேலை?"

"ஒன் போனா? நல்லாப் பாரு, இது என் போனு!"

இரண்டு வருஷம் கழித்துப் பேசிக்கொள்கிறார்கள், கெடுப்பானேன் என்று அக்கா பிளக்கை உருவாமல் விட்டுவைத்தார். கால் மணி நேரம் நடந்தது.

அன்று முழுக்க உட்கார்ந்து புதிதாக எழுதினேன். இந்த முறை பெயரிலிருந்து தொடங்கவில்லை, துளையிலிருந்து தொடங்கினேன். ஐம்பது துளைக்கும் ஐம்பது வரி, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதில் கம்பி வருகிறதா, எங்கே போகிறது என்பது அடுத்த கட்டம். அந்தக் கம்பியின் முனையில் எத்தனை போன் இருந்தாலும் எல்லாம் அதே வரிக்குள். மூத்தவர் கோபித்துக்கொள்வாரே என்று இரண்டு பெயரையும் பக்கம் பக்கமாக எழுதினேன், மேலே கீழே இல்லாமல். கடைசிக் கட்டத்தில் ஆம், இல்லை என்பதை அடித்துவிட்டேன். அங்கே மூன்று சொற்கள்: நிற்கிறது, படுத்திருக்கிறது, கிடையாது. இரண்டாவதற்குத் தேதியும் போட வேண்டும், ஏனென்றால் அது அந்த நாளைய செய்தி.

"ஆபீஸ் பேப்பர்ல படுத்திருக்குன்னு எழுதுவியா புள்ள?" என்று அக்கா சிரித்தார்.

"வேற சொல்லு இருந்தாக் குடுங்க," என்றேன்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர், கறாரான கண்ணாடி. என் புதிய தாளைப் படித்தார். "போன தடவை ஐம்பது, இந்தத் தடவை நாப்பத்தொன்பதா? எதை நம்பறது?"

"போர்டை நம்புங்க சார்," என்றார் அக்கா. "பொட்டு வெச்சிருக்கேன்."

மேலாபீஸ் இன்ஜினியர் குனிந்து, பேனா முனையால் சந்தனப் பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிய காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எண்ணி முடித்ததும் இருபத்து மூன்றாவது துளையில் பிளக்கைச் செருகிப் பார்த்தார். பின்னால் போய்க் கம்பியைத் தேடினார், இல்லை. ரத்து உத்தரவில் மலை என்பதை அடித்துக் கையெழுத்துப் போட்டார். புளிமண்டிக் கம்பியை லைன்மேன் அண்ணன் இருபத்து மூன்றில் கட்டினார். அக்கா கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்திருந்தார், அன்று காலையிலேயே.

மணி பத்தை நெருங்கியது. நல்ல நேரம் முடிவதற்குள் மண்டிக்காரர் முதல் பேச்சைப் பேசியாக வேண்டும். யாரோடு பேசுவதென்று நாலு வருஷமாக யோசிக்காமல் விட்டிருந்தார். கடைசியில் அரசு ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டார், தெரிந்தவர் என்பதால். இணைப்புக் கொடுத்தேன். "டாக்டர் சார், நம்ம போனு வந்துருச்சுங்க. நல்லா கேக்குதுங்களா? எனக்கும் கேக்குதுங்க. மழை எப்படிங்க அங்க?" தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் போனிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது.

மலைத் தகடு விழுந்தது. ஐந்து மணிக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.

"ஏ பொண்ணு, வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரியைப் போடு. ஜீப்பு."

ஆஸ்பத்திரிக்கு ஒரே லைன். அதில் மண்டிக்காரர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாலு வருஷம் காத்திருந்து, நாள் பார்த்து, மாலை போட்டுப் பேசிய முதல் பேச்சு. பிளக்கை உருவினேன். மலையைச் செருகினேன். நர்சம்மா சொன்னது மூன்று வாக்கியம், டாக்டர் சொன்னது ஒன்று.

அதற்குள் மண்டிக்காரர் தெருவைத் தாண்டி வந்து வாசலில் நின்றார். கழுத்தில் மாலை, போனுக்கு வாங்கியது.

"என்னம்மா இது, அதுக்குள்ள போயிருச்சா?"

"போகலீங்க," என்றேன். "படுத்திருக்கு. அஞ்சு நிமிஷத்துல எழுந்திரிச்சிரும்."

விஷயத்தைச் சொன்னதும் அவர் மாலையைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அக்கா வாங்கிப் போர்டின் ஆணியில் மாட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை. ஐந்து மணிக்கு நான் போர்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மலையில் காலையிலிருந்து மழை என்று லைன்மேன் அண்ணன் சொல்லியிருந்தார். ஐந்தேகால் ஆயிற்று. புதிய ரிஜிஸ்டரை எடுத்து மலை வரியில் தேதி போட்டு, 'படுத்திருக்கிறது' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். அப்போது விழுந்தது மலைத் தகடு இல்லை, ஆஸ்பத்திரித் தகடு.

"ஏ போன் பொண்ணு, உசுரோட இருக்கியா?"

"நீங்களா! அங்கயா இருக்கீங்க? அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"அவ கஞ்சி கேட்டுக் குடிச்சிட்டுத் தூங்கறா. நான்தான் ஜீப்புல குலுங்கி இடுப்பொடிஞ்சு கெடக்கேன். ஒன்னைப் பத்தி லைன்மேன் எல்லாத்தையும் சொல்லிட்டான். என்னை இல்லைன்னு எழுதினியாமே?"

திறந்த பேனாவை மூடி வைத்தேன்.

"சரி, இதைச் சொல்லு. ஆத்தா ஒருத்தி. புள்ளைங்க ரெண்டு, ரெண்டும் பொட்டை, ரெண்டும் ஒரே சமயத்துல கத்துதுங்க. ஒன் லிஸ்டுல எப்படி எழுதுவே? ஒரு வரியா, ரெண்டு வரியா?"

பக்கத்தில் அக்கா கடலை உடைக்கிற சத்தம் நின்றது. அவரும் பதிலுக்குக் காத்திருந்தார்.